நாய் இருக்கிற வீட்டில் எலி: எதை வைக்கலாம், எதைத் தொடவே கூடாது

எங்கள் மணிக்கு ஆறு வயது. பாதி லாப்ரடார், பாதி நாட்டு நாய். வயிறு லாப்ரடார் பக்கத்திலிருந்தும் பிடிவாதம் நாட்டு நாய் பக்கத்திலிருந்தும் வந்திருக்கிறது. போன ஐப்பசி மழையில் பக்கத்துக் காலி மனையில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது அங்கிருந்த சுண்டெலிகள் மொத்தமும் எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டன. முதல் நாள் ராத்திரி அடுப்படியிலிருந்து ஒன்று கூடத்தைக் கடந்து ஓடியது. மணி தலையைத் தூக்கிப் பார்த்தான், வாலை இரண்டு தடவை ஆட்டினான், மறுபடி படுத்துக்கொண்டான். நாய் இருக்கும் வீட்டுக்கு எலி வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

மறுநாள் கடைக்குப் போய் எலிக்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். கடைக்காரர் யோசிக்கவே இல்லை. "கேக்கு வையுங்க சார், மூணு நாள்ல சுத்தமாப் போயிடும்" என்று ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். வீட்டில் நாய் இருக்கிறது என்றேன். "நாய்க்கு எட்டாத இடத்துல வைங்க" என்றார். சரியான பதில்தான், மணிக்கு எட்டாத இடம் என்று எங்கள் வீட்டில் ஒன்று இருந்திருந்தால்.

அன்றைக்கு வெறுங்கையோடு வந்துவிட்டேன். அப்புறம் மணியின் மருத்துவரிடம் கேட்டு, நாய் வளர்க்கும் நண்பர்களிடம் கேட்டு, சிலவற்றை நானே வாங்கி வைத்துத் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மற்ற வீடுகளில் எது எலியைச் சீக்கிரம் ஒழிக்கும் என்பதுதான் கேள்வி. நாய் இருக்கிற வீட்டில் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்க வேண்டியிருக்கிறது: இந்தச் சாமான் நாய் வாயில் சிக்கினால் நாய் பிழைக்குமா? ஒவ்வொன்றையும் இதை வைத்துத்தான் பார்த்தேன்.

மருந்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அங்கேதான் தொடங்குகிறார்கள். எலி மருந்து என்று ஒரே பெயரில் சொன்னாலும் அவை ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத விஷங்கள். கேக்கு என்று விற்கிறார்களே, பிஸ்கட் மாதிரி இருக்கும் அந்தக் கட்டியில் பெரும்பாலும் புரோமடியலோன் 0.005 சதவீதம் இருக்கும். ரத்தம் உறைவதற்கு வைட்டமின் கே வேண்டும், அந்த வேலையை இது நிறுத்திவிடும், உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்து எலி சில நாளில் செத்துப்போகும். நாய்க்கும் அதேதான் நடக்கிறது. இதில் ஆபத்து என்னவென்றால் தின்ற அன்றைக்கும் மறுநாளும் நாய் நன்றாக இருக்கும், சாப்பிடும், விளையாடும், நாமும் சரி ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுவோம். மூன்றிலிருந்து ஐந்து நாள் கழித்துத்தான் சோர்வு, வெளுத்துப்போன ஈறு, இருமல், மூக்கிலோ மலத்திலோ ரத்தம் என்று ஆரம்பிக்கும். நல்ல செய்தி, இதற்கு மாற்று மருந்து உண்டு: வைட்டமின் கே1. ஆனால் ஒரு ஊசியோடு முடியாது, வாரக்கணக்கில் மாத்திரை கொடுத்து, நிறுத்திய பிறகும் ரத்தம் உறைகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். கசப்பு சேர்த்திருக்கிறார்கள், நாய் தின்னாது என்று பொட்டலத்தில் போட்டிருந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். மணி எதையும் மெல்லுவதில்லை, விழுங்குகிறான். கசப்பு தெரிய எங்கே நேரம்?

கறுப்புப் பவுடராக வரும் சிங்க் பாஸ்பைடு இன்னும் மோசம். அரிசி மாவிலோ கருவாட்டிலோ பிசைந்து வைப்பார்கள். வயிற்று அமிலம் பட்டதும் பாஸ்பீன் என்ற விஷ வாயு கிளம்பும், சில மணி நேரத்திலேயே நாயைச் சாய்த்துவிடும், மாற்று மருந்து கிடையாது. நாய் வாந்தி எடுத்தால் அதிலிருந்து வரும் வாயு பக்கத்தில் இருக்கும் நம்மையும் பாதிக்கும், அதனால் அந்த நிலையில் நாயைக் காரில் கொண்டுபோகிறவர்கள் கண்ணாடிகளை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். இன்னொன்று மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த பசை, ஈரலைக் கெடுக்கும். மனிதர்கள் அதைத் தின்று செத்தது போதும் என்று தமிழ்நாட்டில் அரசே தடை செய்துவிட்டது, ஆனாலும் பழைய ட்யூப் பரணில் கிடக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில், எலிக்கு மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். தரையோடு மூக்கை வைத்துப் படுக்கிற நாயைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மருந்தை நாயே தின்ன வேண்டும் என்றுகூட இல்லை. கேக்கு தின்ற எலி உடனே சாகாது, இரண்டு மூன்று நாள் தள்ளாடிக்கொண்டு திரியும், பகலிலேயே வெளியே வரும், எந்தச் சோம்பேறி நாயாலும் பிடிக்க முடிகிற எலி அதுதான். ஒரு சுண்டெலியைத் தின்றால் பெரிய நாய்க்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். பொமரேனியன் மாதிரி குட்டி நாய் தினம் ஒன்றாகத் தின்றால் கதை வேறு. போதாக்குறைக்கு, செத்த எலி பீரோவுக்குப் பின்னால் போய்க் கிடந்தால் ஒரு வாரம் வீடு நாறும், நாய் அந்த பீரோவையே பிராண்டிக்கொண்டு நிற்கும்.

பூட்டு வைத்த மருந்துப் பெட்டிகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். பூச்சி மருந்து அடிக்கிற நிறுவனங்கள் வைப்பவை. திறந்து வைப்பதற்கு இது எவ்வளவோ மேல்தான், வீட்டுக்கு வெளியே, சுவரோடு திருகி மாட்டினால். உள்ளே கட்டியைக் கம்பியில் குத்தி வைக்க வேண்டும், உதிரியாகப் போட்டால் எலியே இழுத்துக்கொண்டு வந்து சோபாவுக்கு அடியில் சேர்த்துவிடும். நிறுவனத்தை அழைத்தால் எந்த மருந்து என்ற பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "நாய்க்கு ஒண்ணும் ஆகாது சார்" என்பது மருந்தின் பெயர் இல்லை.

என்னைப் பொறுத்தவரை வீட்டுக்குள் மருந்து கிடையாது. இதில் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

அடுத்து பசை அட்டை. நான் செய்த தப்பு இதுதான். விஷம் இல்லையே என்று க்ளூ பேட் ஒன்றை வாங்கி ஃபிரிட்ஜுக்குப் பின்னால் வைத்தேன். எலி மாட்டியது, ராத்திரி முழுக்கக் கீச்சிட்டது, மணி மூக்கை நீட்டிப் பார்க்கப் போய், காலையில் எழுந்தால் அட்டை அவன் முன்னங்காலில், அட்டையில் உயிரோடு எலி, கூடம் முழுக்கப் பசைக் கால்தடம். தேங்காய் எண்ணெயை ஊற்றி ஊற்றித் தேய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றினேன், ஒரு மணி நேரம் ஆனது. (மண்ணெண்ணெய், தின்னர் எல்லாம் போடக்கூடாது, தோல் வெந்துபோகும், நக்கினால் அது இன்னொரு விஷம்.) நாய்க்குப் பெரிய ஆபத்து இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த எலி பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இதை இன்னொருவருக்குச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இந்திய விலங்குகள் நல வாரியமும் பசைப் பொறி வேண்டாம் என்றுதான் மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

ஒலி எழுப்பும் கருவி, பிளக்கில் சொருகினால் எலி ஓடிவிடும் என்கிற வகை, காசுக்குப் பிடித்த கேடு. எலி இரண்டு நாளில் பழகிக்கொள்ளும், சுவரையும் அலமாரியையும் அந்தச் சத்தம் தாண்டாது. அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001லேயே இதை விற்கும் அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு ஆதாரம் இல்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று கடிதம் போட்டது. நமக்குக் கேட்காத சத்தம் நாய்க்குக் கேட்கும் என்பதையும் மறக்க வேண்டாம். பாச்சை உருண்டையால் எலி போகாது, நாய் விழுங்கினால்தான் விபரீதம். புதினா எண்ணெய் அடுப்படியை மணக்க வைக்கும், அவ்வளவுதான். பூனை வளர்க்கச் சொன்னவர்களிடம் மணியைக் காட்டினேன், அப்புறம் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

சரி, நாயே பிடிக்கட்டுமே? சில நாய்கள் பிடிக்கும், கிராமத்தில் நெல் மூட்டை இருக்கும் வீடுகளில் நாட்டு நாய் எலியைக் கவ்வி உதறிப் போடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று, எலி இருப்பது அலமாரிக்குப் பின்னால், சுவர் ஓட்டையில். நாய் அங்கே போக முடியாது, அலமாரியைத்தான் பிய்க்கும். இரண்டு, எலியின் சிறுநீரில் வருகிற லெப்டோஸ்பைரோசிஸ், நாம் எலிக்காய்ச்சல் என்கிறோமே அது, நாய்க்கும் வரும், சிறுநீரகத்தையும் ஈரலையும் பிடிக்கும், நாயின் சிறுநீர் வழியாக வீட்டில் இருப்பவர்களுக்கும் வரலாம். செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்று போடும் கூட்டு ஊசியில் இதற்கும் தடுப்பு இருக்கிறது. லெப்டோவின் எல்லா வகையையும் அது தடுக்காது, வருஷா வருஷம் போட்டால்தான் பலன். நாட்டு நாய்தானே என்று வெறிநாய்க்கடி ஊசியோடு நிறுத்திக்கொள்பவர்கள் நிறையப் பேர். எலி வந்துவிட்ட வீட்டில் அந்தச் சீட்டை எடுத்துத் தேதியைப் பாருங்கள்.

இனி பொறி. எனக்கு வேலை செய்தது இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இரண்டு வகை. பட்டென்று அடிக்கிற பலகைப் பொறி, உயிரோடு பிடிக்கிற கம்பிக் கூண்டு. சுண்டெலி அளவுக்கு வரும் சின்னப் பலகைப் பொறி நாய் மூக்கில் பட்டால் ஊளையிடும், வீங்கும், ஆறிவிடும். பெருச்சாளிக்கு வைக்கும் பெரிய பொறி குட்டி நாயின் விரலை உடைத்துவிடும். எனவே எதுவானாலும் வெறும் தரையில் வைக்கக் கூடாது. நான் செய்தது: பழைய பிளாஸ்டிக் டப்பா ஒன்றின் இரண்டு ஓரத்திலும் ஓட்டை போட்டு, உள்ளே பொறியை வைத்து, மூடியை டேப் சுற்றி, சுவரோடு ஒட்டி வைத்து, மேலே ஒரு செங்கல். எலி சுவர் ஓரமாகத்தான் ஓடும், நடுக்கூடத்தில் வைத்தால் நம் கால்தான் மாட்டும். சிங்குக்குக் கீழே கதவு போட்ட அலமாரி இருந்தால் இன்னும் வசதி, நாய் உள்ளே வர வழியில்லை. ஒன்று வைத்து ஒரு வாரம் காத்திருக்காதீர்கள், சுண்டெலி தன் கூட்டிலிருந்து சில மீட்டர் தூரத்துக்குள்ளேயே சுற்றும், ஆறேழு பொறியை இரண்டு மீட்டருக்கு ஒன்றாக ஒரே ராத்திரியில் வையுங்கள்.

என்ன இரை என்பதில்தான் நாய்க்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். எலிப்பொறி என்றால் மசால் வடை என்று நம் ஊரில் ஒரு சம்பிரதாயம். வடை வாசனைக்கு எலிக்கு முன்னால் நாய் வரும், வடையில் வெங்காயம் இருக்கும், வெங்காயம் நாய்க்கு ஆகாது. கருவாடு வைத்தால் தெரு நாய்கள்கூட வாசலில் வந்து நிற்கும். சாக்லேட், உலர்ந்த திராட்சை இரண்டும் நாய்க்கு விஷம். சுட்ட தேங்காய்ச் சில்லைச் சின்னதாக நறுக்கி நூலால் கொக்கியில் கட்டிவிட்டேன், எலி இழுத்தால்தான் வரும், இழுத்தால் அடிக்கும். மூன்று வாரத்தில் பதினொன்று.

கம்பிக் கூண்டு எங்கள் அம்மாவின் விருப்பம். பிள்ளையார் வாகனத்தைக் கொல்லக் கூடாது என்பார். (மூஞ்சூறு வேறு, எலி வேறு என்று சொல்லிப் பார்த்தேன். நீண்ட மூக்கும் கீச் சத்தமும் ஒரு மாதிரி நாற்றமும் உள்ள மூஞ்சூறு எலி இனமே இல்லை, கரப்பான் பூச்சியைத் தின்னும், உங்கள் வீட்டில் ஓடுவது அதுவென்றால் விட்டுவிடுங்கள்.) நாய்க்குக் கூண்டால் ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. ஆனால் எலி மாட்டியதும் நாய் கூண்டின் முன்னால் உட்கார்ந்து விடியும்வரை குரைக்கும், எலி பயத்திலேயே பாதி செத்துவிடும், அக்கம்பக்கத்தில் நமக்குப் பெயர் கெடும். மூடிய அறையில் வைப்பதானால் வையுங்கள். காலையில் கொண்டுபோய் எதிர் மனையில் விட்டால் நீங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அது அடுப்படிக்கு வந்திருக்கும். வெகுதூரம் கொண்டுபோனால் தெரியாத இடத்தில் பெரும்பாலும் பிழைக்காது. பிடிபட்டது தாயாக இருந்தால் கூட்டில் குட்டிகள் பட்டினியில் கிடக்கும். எனவே உயிரோடு பிடிப்பதுதான் கருணை என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உடனே உயிர் போகிற பொறியே மேல் என்பது என் கட்சி, அம்மா இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

பதினொன்று பிடித்தும் பன்னிரண்டாவது வந்தது. ஏன் என்பது பழைய ஷூவை மாட்டப் போன அன்றுதான் தெரிந்தது. உள்ளே இரண்டு கைப்பிடி நாய்த் தீனி. மணியின் தீனியை ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு வந்து சேர்த்து வைத்திருக்கிறது! ஃபிரிட்ஜை நகர்த்தினால் அங்கேயும் ஒரு குவியல். நாங்கள் இருபது கிலோ மூட்டை வாங்கி, வாயைச் சுருட்டி, கிளிப் போட்டு மூலையில் நிறுத்தியிருந்தோம்; மூட்டையின் அடியில் கட்டைவிரல் அளவு ஓட்டை. ராத்திரி அவன் மிச்சம் வைத்த சோறும் தட்டிலேயே இருக்கும். ஒரு சுண்டெலிக்கு ஒரு நாளைக்கு மூன்று கிராம் தீனி போதும். மூன்று வாரத்தில் ஈனும், ஒரு ஈற்றில் ஐந்தாறு குட்டி, அந்தக் குட்டி ஆறேழு வாரத்தில் தானும் ஈனத் தயார். இருபது கிலோவை வைத்துக்கொண்டு பொறி வைத்துத் தீர்ப்பதாவது! எலி எங்கள் வீட்டுக்கு மழையால் வந்தது, மணியின் சாப்பாட்டால் தங்கியது.

பழைய அரிசி டின் ஒன்றைத் தேய்த்துக் கழுவித் தீனியை அதில் கொட்டினோம், பிளாஸ்டிக் டப்பா வேண்டாம், கடித்துவிடும். மணிக்குத் தட்டை வைத்து இருபது நிமிஷத்தில் எடுத்துவிடுகிறோம். முதல் இரண்டு நாள் என்னை ஒரு மாதிரி பார்த்தான், மூன்றாம் நாளிலிருந்து ஐந்து நிமிஷத்தில் காலி. தண்ணீர்க் கிண்ணத்தைக் காலையில் கழுவி ஊற்றுகிறோம், எலி அதில் குடித்திருக்கும், பக்கத்தில் சிறுநீரும் விட்டிருக்கும்.

அப்புறம் ஓட்டைகள். சுண்டெலிக்கு ஆறு மில்லிமீட்டர் இடைவெளி போதும், பென்சில் நுழைந்தால் அதுவும் நுழையும். ராத்திரி அறையை இருட்டாக்கி வெளியிலிருந்து ஒருவர் டார்ச் அடிக்க உள்ளே வெளிச்சம் தெரிகிற இடமெல்லாம் குறித்துக்கொண்டோம். வாஷிங் மெஷின் குழாய் போகும் ஓட்டை, ஏசி குழாய், சிங்க் வடிகால், பின்கதவின் அடி. பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரைத் திணித்து மேலே வெள்ளைச் சிமெண்ட் பூசினால் கடிக்க முடியாது. வெறும் சிமெண்டை ஈரம் காய்வதற்குள் தோண்டிவிடும், தெர்மோகோல் எல்லாம் அதற்குப் பஞ்சு மெத்தை. ஜன்னலுக்கு நைலான் கொசு வலைக்குப் பதில் இரும்பு வலை. கம்பி நாரை நாய் இழுத்துத் தின்னும் உயரத்தில் பூசாமல் விட்டுவிடாதீர்கள். மொத்தச் செலவு ஐந்நூறு ரூபாய்க்குள், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதோடு நின்றது.

புழுக்கையைப் பெருக்கும்போது காய்ந்தபடி விளக்குமாறு போடாதீர்கள், தூசு மூக்கில் ஏறும். ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, சற்று விட்டு, கையுறையோடு துடைத்து எடுங்கள், தரை காயும்வரை நாய் வெளியே.

எங்கள் வீடு கான்கிரீட், ஒரு நாளில் அடைத்துவிட முடிந்தது. ஓட்டு வீட்டில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே அடைத்து மாளாது. அங்கே தீனியை டின்னில் போட்டுவிட்டு, பரணில், நாய் ஏற முடியாத உயரத்தில், நிரந்தரமாகப் பலகைப் பொறி வைத்துக்கொண்டே இருப்பதுதான் வழி. அடுக்குமாடியில் இருந்தால் குழாய்த் தண்டு வழியாகத்தான் வரும், சங்கத்தில் பேசாமல் உங்கள் வீட்டை மட்டும் அடைத்துப் பயனில்லை.

இவ்வளவுக்கும் மீறி நாய் மருந்தைத் தின்றுவிட்டால்: பொட்டலத்தை, கிழிந்ததாக இருந்தாலும், கையில் எடுத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். நம் ஊர்ப் பழக்கம் பால் ஊற்றுவது, மோர் ஊற்றுவது, உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது. மூன்றும் வேண்டாம். பாலின் கொழுப்போடு பாஸ்பரஸ் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும், சிங்க் பாஸ்பைடு தின்ற வயிற்றில் சாப்பாடு விழுந்தால் அமிலம் சுரந்து வாயு கூடும், உப்பு தானே ஒரு விஷம். சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. வேறு ஊர்களில் ராத்திரி திறந்திருக்கும் இடம் எது என்று இன்றைக்கே விசாரித்து போனில் எண்ணைப் போட்டு வையுங்கள்.

எனக்குக் கடைசியாக மிஞ்சிய கவலை பக்கத்து வீடு. அவர்கள் வீட்டில் நாய் இல்லை, அதனால் அந்த அண்ணன் மாசம் ஒரு தடவை கேக்கு வைப்பார், அந்த எலி தள்ளாடிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வரும். சண்டை போடுகிற விஷயம் இல்லை, அவருக்கும் எலித் தொல்லைதான். ஒரு நாள் சாயங்காலம் மணியையும் கூட்டிக்கொண்டு போய், விஷயத்தைச் சொல்லி, அம்மாவின் கூண்டையும் மூன்று பலகைப் பொறியையும் கொடுத்துவிட்டு வந்தேன். "நாய் இதைத் தின்னுமா தம்பி?" என்று ஆச்சரியமாகக் கேட்டார். அவர் கேட்டு முடிப்பதற்குள் மணி அவர்கள் திண்ணையில் இருந்த ஒரு வாழைப்பழத்தைத் தோலோடு விழுங்கியிருந்தான். கூண்டு இன்னும் அவர் வீட்டில்தான் இருக்கிறது, நான் திரும்பக் கேட்கவில்லை.